காலண்டர் கட்டத்திலிருந்து வானத்துக்கு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு 'இரவு வானில் கோள்களை அறிதல்'. தந்த நேரம் மதிய உணவுக்குப் பிந்தைய நாற்பது நிமிடம். அதனால் தூக்கம் வருவதற்குள் ஒரு கேள்வி. இங்கே இருக்கும் எல்லாருக்கும் எட்டுக் கோள்களின் பெயரும் வரிசையாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இதில் எத்தனை பேர் சனிக்கோளை நம் கண்ணால் பார்த்திருக்கிறோம்? கையை உயர்த்த வேண்டாம். பணியில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் வரை நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதினோரு ஆண்டும் சனியின் வளையத்தைக் கரும்பலகையில் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

பார்க்க வேண்டும் என்று தோன்றியபோது நான் செய்த முதல் தவறு, தொலைநோக்கி வாங்கியது. பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. வளையங்களோடு சனியின் வண்ணப்படமும் இருந்தது. வீட்டு மாடியில் பொருத்தினேன். காற்றடித்தால் ஆடும், தொட்டால் ஆடும், ஃபோகஸ் திருகைத் திருப்பினாலும் ஆடும். மூன்று இரவுகள் முயன்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தலைகீழாகப் பார்த்ததுதான் மிச்சம். அப்புறம் அது இரண்டு ஆண்டு பரணில் கிடந்தது.

அந்தப் பெட்டியில் இருந்த எண் வெறும் விற்பனை எண் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு தொலைநோக்கி பயனுள்ள வகையில் தரக்கூடிய உருப்பெருக்கம், அதன் பொருளருகு வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவது. என்னுடையது 60 மில்லிமீட்டர். ஆக 120 மடங்கு என்பதே உச்சம். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், கூடவே மங்கும், குழம்பும். பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, இருப்பதிலேயே உருப்பெருக்கம் குறைந்த கண்ணருகு வில்லையை மாட்டி, ஸ்டாண்டின் நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றது. அன்றைக்கு வியாழனைப் பார்த்தேன். 35 மடங்கில், ஒரு சின்னத் தட்டு, அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். மாடியில் தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டில் விளக்கு போட்டார்கள்.

கருவியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். கருவி இல்லாமலே கோள்களைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அதுதான் முதல் படி. நம் முன்னோர் நாள்மீன், கோள்மீன் என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். நகரத்துத் தெருவிளக்கு வெளிச்சத்திலும், புதனைத் தவிர மற்றவை பெரும்பாலும் தெரியும். பால்வீதியைப் பார்க்கத்தான் இருட்டு வேண்டும், கோளுக்குத் தேவையில்லை. "எங்கள் பள்ளி பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கிறது" என்பது இந்த விஷயத்தில் காரணமாகாது.

நட்சத்திரம் மின்னும், கோள் மின்னாது என்று பாடப்புத்தகத்தில் உள்ளது. உண்மைதான், ஆனால் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது கோளும் மின்னும். வெள்ளி அடிவானத்தில் சிவப்பும் பச்சையுமாகத் துடிப்பதைப் பார்த்து விமானம் என்று என்னோடு வாதாடிய மாணவர்கள் உண்டு. அதைவிட உறுதியான அடையாளம், இடம். சூரியனும் நிலவும் வானில் எந்தப் பாதையில் போகின்றனவோ, ஏறத்தாழ அதே பாதையில்தான் கோள்களும் இருக்கும். வடக்கே துருவ மீன் பக்கம் எவ்வளவு பிரகாசமாக ஒன்று தெரிந்தாலும் அது கோள் அல்ல.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தமிழ்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைக்கும் 13.5 பாகைக்கும் இடையில் இருக்கிறது. அதனால் கோள்களின் பாதை கிட்டத்தட்ட நம் உச்சந்தலை வழியாகப் போகிறது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் கோள்கள் தெற்கு அடிவானத்தை ஒட்டி, புகைக்கும் மூடுபனிக்கும் நடுவே தவழ்ந்து போகும். இங்கே அவை நேராக ஏறி நேராக இறங்கும். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத புதனைக்கூட அந்தியில் பிடிப்பது நமக்கு அவர்களைவிட எளிது.

வானத்தில் அளக்க ஸ்கேல் நம் கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரல் 1 பாகை. குழந்தையின் கை சின்னது, ஆனால் அதன் நீளமும் குறைவு என்பதால் கணக்கு சரியாகவே வரும். மூன்று முஷ்டி வைத்தால் 30 பாகை. 30 பாகை என்றால் ஒரு ராசி.

ராசி என்றதும் முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படிப்பவள், இடைப்பருவத் தேர்வில் திடீரென்று மதிப்பெண் குறைந்தது. எழுப்பிக் கேட்டேன். "எனக்கு ஜென்மச் சனி நடக்குது டீச்சர், அதான்" என்றாள். நான் உடனே, "சனிக்கு வேற வேலையே இல்லையா? நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு உன் பேப்பரைத் திருத்துதா?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கும் அப்போது அது நல்ல அறிவியல் பாடம் போலத்தான் தோன்றியது.

அதன்பிறகு அவள் என் வகுப்பில் கை தூக்கவில்லை. நான்கைந்து வாரம் கழித்துத்தான் கவனித்தேன். பிறகு விசாரித்ததில், அந்த ஆண்டு அவள் அப்பா வண்டியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அவள் ஆயா சொன்ன விளக்கம் அந்த ஒன்றுதான். நான் கேலி செய்தது அந்த வீட்டின் கஷ்டத்தை. அது எனக்குத் தெரியாது என்பது உண்மை, ஆனால் தெரிந்துகொள்ளாமல் பேசியதும் நான்தான்.

2025 ஜனவரியில் மாலை வானில் நான்கு கோள்கள் ஒரே நேரத்தில் தெரிந்தன. மேற்கே வெள்ளியும் சனியும், உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய். 'கோள்கள் நேர்கோட்டில் நிற்கின்றன, இனி இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகுதான்' என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வந்திருக்கும். கோள்கள் எப்போதும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன, நான்கு ஒன்றாகத் தெரிவது கொஞ்சம் அபூர்வம், அவ்வளவே. ஆனாலும் அந்தச் செய்தி எனக்கு உதவியது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லி, பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை மைதானத்தில் தொலைநோக்கியை வைத்தேன். பெண்பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. அவள் வந்தாள், ஆயாவோடு. ஆனால் வரிசையில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"வந்து பாருமா" என்றேன். "சனியைப் பார்க்கக் கூடாதுன்னு ஆயா சொல்லியிருக்கு" என்றாள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவளே தொடர்ந்து, "ஆனா டீச்சர், காலண்டர்ல சனியும் சுக்கிரனும் இப்ப ஒரே கட்டத்துல இருக்கு. கும்பத்துல" என்றாள். நான் மேற்கே பார்த்தேன். வெள்ளிக்குப் பக்கத்தில், ஒரு முஷ்டிகூட இல்லை, இரண்டு மூன்று விரல் அகலத்தில் சனி நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். "இதோ அந்தக் கட்டம்."

அவள் வெறும் கண்ணால் பார்த்துவிட்டாள், பார்க்கிறோம் என்று தெரியாமலே. அப்புறம் தலையைத் திருப்பி, "குரு ரிஷபத்துல" என்றாள். உச்சியில் ரோகிணியின் சிவந்த மீனுக்கு அருகில் வியாழன். "செவ்வாய் கடகத்துல, வக்கிரம்." கிழக்கே புனர்பூசத்தின் இரட்டை மீன்களுக்குப் பக்கத்தில் செவ்வாய், கடகத்திலிருந்து மிதுனத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசிச் செயலியில் தேடித் தேடிக் கற்றதை, அந்தப் பெண் தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தே சொன்னாள்.

அன்று முதல் நான் காலண்டரை வான வரைபடமாகப் பயன்படுத்துகிறேன். அந்தப் பன்னிரண்டு கட்டமும் சூரிய வீதியைப் பன்னிரண்டாகப் பிரித்ததுதான். எந்தக் கோள் எந்தக் கட்டத்தில் என்பது கணக்கு, அதன் பலன் என்ன என்பது வேறு விஷயம். கணக்கை எடுத்துக்கொள்கிறேன், மற்றதைத் தொடுவதில்லை. குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை ஏன் வருகிறது? வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, பன்னிரண்டு கட்டம். சனிப்பெயர்ச்சி ஏன் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை? சனியின் சுற்றுக்காலம் 29.5 ஆண்டு. ஏழரை என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மூன்று கட்டம் பெருக்கல் இரண்டரை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். வக்கிரம் என்பதற்கும் பேருந்துப் பயணம் போதும். நம் பேருந்து முன்னால் போகும் மெதுவான லாரியைக் கடக்கும்போது, தூரத்து மரங்களோடு ஒப்பிட்டால் லாரி பின்னால் போவது போலத் தெரிகிறதல்லவா? பூமி செவ்வாயைக் கடப்பதும் அப்படித்தான். இது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும்.

இது மூடநம்பிக்கைக்கு வாசல் திறப்பது ஆகாதா என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் கோபமாகவே கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் கேலி செய்து நான் என்ன சாதித்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். பேத்தி தயங்கி நிற்க, ஆயா வந்து தொலைநோக்கியில் கண் வைத்தார். வெள்ளியைக் காட்டினேன். "இன்னா டீச்சரம்மா, பாதி நிலாவைக் காட்டுற?" என்றார். அந்த வாரம் வெள்ளி சூரியனிலிருந்து மிக அதிகமாக, 47 பாகை விலகியிருந்தது. அப்போது அது சரியாகப் பாதி ஒளியோடு தெரியும். நிலவு அல்ல, வெள்ளிதான் என்று சொல்ல, கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தார், மறுபடி குழாயில் பார்த்தார். "விடிகாலையில இதைப் பார்த்துத்தான் ஏத்தம் எறைக்கப் போவோம். இதுக்கும் தேய்பிறை வளர்பிறை உண்டா?" கலிலியோ 1610-இல் இதைக் கண்டபோது, வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஆயாவுக்கு அதைச் சொன்னேன். "அப்போ சூரியன் நடுவுல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டார். ஆறாம் வகுப்பில் மூன்று பாடவேளை எடுத்துக்கொள்ளும் பகுதி அது.

நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது நடைமுறைச் சிக்கல்கள் நிறைய. பூமி சுழல்வதால் 70 மடங்கில் கோள் மூன்று நிமிடத்துக்குள் பார்வையை விட்டு வெளியேறிவிடும், இரண்டு பேருக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும். பிள்ளைகள் குழாயைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், அவ்வளவுதான், கோள் போய்விடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார் என்று பழக்குங்கள். குட்டையான பிள்ளைக்கு ஒரு பலகை. மிக முக்கியமானது, "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். தெரியாவிட்டாலும் நமக்காக "தெரியுது டீச்சர்" என்பார்கள். தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வெற்று வட்டம் வரைந்த பிள்ளையை மறுபடி வரிசையில் விடுங்கள். செவ்வாயைப் பற்றி முன்கூட்டியே பெரிதாகச் சொல்லிவிடாதீர்கள். சிறு தொலைநோக்கியில் அது ஓர் ஆரஞ்சுப் புள்ளி, நிறைய ஏமாற்றம். ஆகஸ்டு தோறும் செவ்வாய் நிலவளவு தெரியும் என்று வரும் செய்தி, 2003 ஆகஸ்டில் அது பூமிக்கு மிக நெருங்கியபோது கிளம்பிய புரளி, இன்னும் ஓயவில்லை.

அந்த மாணவிக்கு ஒரு வேலை கொடுத்தேன். சனி வேண்டாம், வியாழனைப் பார்க்கட்டும். தினமும் மாலை ஏழரைக்கு, பள்ளிக்கு எதிரில்தான் வீடு, அப்பாவோடு வந்து ஒரு நிமிடம் பார்த்து, நோட்டில் ஒரு வட்டமும் நான்கு புள்ளிகளும் குறிக்க வேண்டும். அவர் ஊன்றுகோலோடு வருவார், வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இருபத்து மூன்று இரவுகளில் நான்கு இரவு மேகம், மீதிப் பத்தொன்பதும் பதிவாயின. கலிலியோ 1610 ஜனவரி 7 தொடங்கிச் செய்ததும் இதே வேலை. முதல் இரவில் அவருக்கு மூன்று புள்ளிகளே தெரிந்தன, நான்காவது சில நாள் கழித்து. அவளுடைய முதல் பக்கத்திலும் மூன்றுதான். "ஒண்ணை விட்டுட்டேனா டீச்சர்?" என்று பயந்தாள். விடவில்லை. ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும்.

இரண்டாவது வாரத்தில் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு புள்ளி, சனிக்கிழமை எங்கே இருந்ததோ அடுத்த சனிக்கிழமையும் கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது. அது கானிமீட், அதன் சுற்றுக்காலம் 7.15 நாள். வெளியே தொலைவில் போய் நின்று மெதுவாகத் திரும்புவது கலிஸ்டோ, 16.7 நாள். மிக உள்ளே, ஒவ்வொரு நாளும் பக்கம் மாறி மாறிக் குழப்புவது ஐயோ, 1.77 நாள். இந்த ஆண்டு அவள் ஒன்பதாம் வகுப்பு. கெப்ளர் விதி வந்தபோது அந்த நோட்டையே வகுப்பில் எடுத்தேன். அவள் வரைந்ததில் கலிஸ்டோவின் மிகுதொலைவு ஐயோவைப் போல் ஏறத்தாழ 4.5 மடங்கு. அதன் மும்மடி 91. காலம் 9.4 மடங்கு, அதன் வர்க்கம் 88. பென்சில் புள்ளிகளிலிருந்து இவ்வளவு நெருங்கி வந்ததே போதும். கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டது அவள்தான்.

இனி கருவி. புதிதாக வாங்குவதானால் முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். இரண்டாவது எண் வில்லையின் விட்டம். கையில் பிடித்தால் நடுங்கும். சுவரிலோ மரத்திலோ சாய்த்துப் பிடித்தால் வியாழனின் நிலவுகள் தெரியும். பைனாகுலரில் யுரேனஸையும் பிடிக்கலாம். இந்தப் பருவத்தில் அது கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே அரை முஷ்டி தூரத்தில் இருக்கிறது, வெறும் ஒரு மங்கிய புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளிக்கு நம் ஊரோடு தொடர்புண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, நம் ஜவ்வாது மலையில் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த நட்சத்திரம் மங்கி மீண்டது பதிவானது. பறக்கும் ஆய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு அதற்குக் காரணம் வளையங்கள் என்று கண்டது.

பணமே இல்லை என்றாலும் செய்யலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் +1.00 பவர் கொண்ட, வெட்டாத வட்ட வில்லை ஒன்று கேளுங்கள். அதன் குவியத்தொலைவு ஒரு மீட்டர். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் 10 மடங்கு உருப்பெருக்கி, குவியத்தொலைவு 2.5 சென்டிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பிவிசி குழாய்களில் இவற்றைப் பொருத்தினால் 40 மடங்கு. வில்லையின் முன்னால் 3 சென்டிமீட்டர் துளையிட்ட கறுப்பு அட்டையை ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் விளிம்பைச் சுற்றி வானவில் தெரியும், ஒற்றை வில்லையின் நிறப்பிறழ்ச்சி அது. எனக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இதைப் பள்ளி ஏணியில் கயிறு போட்டுக் கட்டுவோம். நிலவின் பள்ளங்களும் வியாழனின் நிலவுகளும் நன்றாகத் தெரியும். படம் தலைகீழாக இருக்கும், வானத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பகலில் தொலைநோக்கியையோ பைனாகுலரையோ வெளியே ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூரியனை அதன் வழியே பார்த்தால் ஒரு நொடியில் விழித்திரை போய்விடும், வலி தெரியாது. மேலே இருக்கும் சிறிய தேடுகுழாயும் அப்படியே. வெள்ளியையும் புதனையும் தேடுவது சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான். நான் பள்ளியில் சூரியன் இருக்கும்வரை வில்லை மூடியைக் கழற்ற யாரையும் விடுவதில்லை.

சென்ற பிப்ரவரிக் கடைசியில் சனி மாலை வெளிச்சத்துக்குள் போய்விட்டது. அதுவரை அந்த மாணவி தொலைநோக்கியில் அதைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. செப்டம்பரில் சனி மாலை வானத்துக்குத் திரும்பியது. காலாண்டு விடுமுறையில் ஒருநாள் காலண்டரோடு வந்தாள். "எங்க வீட்டுக் காலண்டர்ல சனி கும்பம்னு இருக்கு, பக்கத்து வீட்டுல மீனம்னு இருக்கு. எது டீச்சர் சரி?" ஒன்று வாக்கியப் பஞ்சாங்கம், பழைய வாய்பாடுகளை அப்படியே வைத்துக் கணிப்பது. மற்றது திருக்கணிதம், வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. இதனால்தான் சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதிகள் வருகின்றன. 2023-இல் கும்பத்துக்கு வந்தது ஒன்றில் ஜனவரி, மற்றொன்றில் டிசம்பர். கட்டத்தின் எல்லைக்கோடு வானத்தில் வரையப்படவில்லை, ஆனால் சனி இருப்பது ஓர் இடத்தில்தான், பக்கத்து மீன்களை வைத்து நீயே குறித்துப் பார் என்றேன். குறிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும் அல்லவா? அன்று இரவு எட்டு மணிக்கு அவளே குழாயைத் திருப்பினாள். ஆயா திண்ணையில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் குறைபட்ட குரலில், "வளையம் எங்க டீச்சர்?" என்றாள்.

நல்ல வேளை, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. 2025 மார்ச்சில் சனியின் வளையத்தளம் பூமிக்கு நேராகத் திரும்பியது. அதை ஒட்டிய மாதங்களில் வளையம் ஒரு மெல்லிய ஊசியாகத்தான் தெரியும். இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அகலம், ஆனால் தடிமன் பெரும்பாலும் சில பத்து மீட்டர். தோசையை விளிம்பு வழியாகப் பார்ப்பது போல. கலிலியோ 1610-இல் சனியின் இருபுறமும் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். 1612-இல் மறுபடி பார்த்தபோது அவற்றைக் காணவில்லை, திகைத்துப்போனார். அது வளையம் என்று ஹைகன்ஸ் விளக்கியது 1659-இல். "அப்போ எனக்கு வளையமே தெரியாதா?" என்றாள். இனி ஆண்டுக்கு ஆண்டு திறக்கும், 2032 வாக்கில் முழுதாக விரிந்து தெரியும் என்றேன். விரலில் எண்ணிப் பார்த்து, "காலேஜ் முடிச்சிருப்பேன்" என்றாள்.

ஆயா இப்போதும் சனிக்கிழமை தோறும் எள் தீபம் போடுகிறார். அப்பா ஊன்றுகோலை விட்டுவிட்டார், மருத்துவர் சொன்ன பயிற்சியால். பார்வை நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. சனிக்கென்று தனிப் பக்கம் போட்டிருக்கிறாள், பக்கத் தலைப்பில் தேதி, நேரம், வளையத்தின் அகலம் என்று மூன்று பத்திகள்.

அடுத்த சில மாதங்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்தபின் தை, மாசி நம் வானத்துக்கு நல்ல காலம். வியாழன் 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, மாலையில் கிழக்கே எழுந்து இரவு முழுக்க இருக்கும், புனர்பூசத்தின் இரட்டை மீன்களுக்குப் பக்கத்தில். நிலவுகளின் நோட்டைத் தொடங்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. பிப்ரவரி 19-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் மறைந்து அரைமணி கழித்து மேற்கே தாழப் பார்த்தால் புதன். ஜூன் 9 வாக்கில், பள்ளி திறந்த புதிதில், வெள்ளியும் வியாழனும் மேற்கே இரண்டு விரல் இடைவெளிக்குள் வரும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், மைதானம் போதும்.

என் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி, செங்கல் உட்பட, இந்தக் கூடத்தின் வாசலில் இருக்கிறது. மேகம் இல்லையென்றால் இன்று மாலை ஆறரைக்கு வாருங்கள். கிட்டத்தட்ட உச்சியில், சற்றுத் தெற்கே தள்ளி, சுற்றிலும் வேறு பிரகாசமான மீன் இல்லாத இடத்தில் தனியாக மஞ்சளாக நிற்பது சனி. வரும்போது பென்சிலும் தாளும் எடுத்து வாருங்கள்.